செக்போஸ்ட் தாண்டினா பட்டா கிடையாது

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லிடலாம், ஆனா அது பாதி உண்மைதான். மீதி பாதி என்னன்னா, எழுத உட்கார்ந்தாலே ஒரே விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது. அதை எழுதினா சொந்தக்காரங்க யாராவது படிச்சிடுவாங்களோன்னு பயம். போன மாசம் எல்லாம் ஒரு வழியா முடிஞ்சுது. அப்பாவே "எழுதுடா, நாலு பேருக்குத் தெரியட்டும்"னு சொல்லிட்டார். அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பெங்களூர்ல பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு மதிய சாப்பாட்டு மேஜையில ரெண்டே டாபிக். ஒண்ணு ஆன்சைட், இன்னொண்ணு சைட். (சைட்னா நீங்க நினைக்கிற சைட் இல்லை. இந்த ஊர்ல வீட்டு மனைக்கு அதுதான் பேரு.) முப்பதுக்கு நாப்பது, இருபதுக்கு முப்பது, நாப்பதுக்கு அறுபதுன்னு எந்நேரமும் யாராவது அளந்துக்கிட்டே இருப்பாங்க. சர்ஜாப்பூர் பக்கம் அஞ்சு வருஷம் முன்னாடி வாங்கினவன் இன்னிக்கு எவ்வளவு சொல்றான் தெரியுமான்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, தயிர் சாதம் காய்ஞ்சு போற வரைக்கும் பேச்சு நிக்காது. இந்தப் பேச்சுல எனக்குப் புரிஞ்ச ஒரே விதி: நிலம் விலை ஏறும், இறங்காது, சீக்கிரம் வாங்கு. ஷேர் மாதிரிதான், ஆனா சேஃப். இதை நானும் நம்பினேன். அதுதான் கதை.

எங்க ஊர் கிருஷ்ணகிரி பக்கம். அப்பா அரசு பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேங்க்ல போட்டா வட்டி கம்மிப்பா, நீதான் பெரிய படிப்பு படிச்சிருக்கியே, என்ன பண்ணலாம் சொல்லு." பெரிய படிப்பு படிச்சவன் சொன்னேன், "பெங்களூர்ல ஒரு சைட் போட்டுடலாம்பா."

2024 அக்டோபர்ல ஆனேக்கல் தாலுக்காவுல ஒரு கிராமத்துக்குப் பக்கத்துல ஒரு லேஅவுட் பார்த்தோம். முப்பதுக்கு நாப்பது, சதுர அடி 2,500 ரூபாய், ஆக மொத்தம் 30 லட்சம். அந்தப் பக்கம் மத்த இடமெல்லாம் 4,500, 5,000னு சொல்லிட்டு இருக்கும்போது இது பாதி விலை. ஏன் பாதி விலைன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. கேட்கலை. வாசல்ல ஆர்ச், உள்ள தார் ரோடு, கரண்ட் கம்பம், ஒவ்வொரு மனைக்கும் நாலு கல், கல்லுக்கு மஞ்சள் பெயின்ட். பார்க்க ஜம்முனு இருந்தது.

அப்பா வெத்தலையை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு புரோக்கரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பட்டா எங்கப்பா?"

"பட்டா எல்லாம் உங்க ஊர்ல சார். செக்போஸ்ட் தாண்டினா பட்டா கிடையாது. இங்க காத்தா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், எல்லாம் தெரிஞ்ச மாதிரி. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

இதைத்தான் இந்தப் பதிவுல சொல்ல வர்றேன். நம்ம ஆளுங்க மாநிலத்துக்கு மாநிலம் என்ன வித்தியாசம்னு கேட்டா உடனே முத்திரைத்தாள் கணக்குக்குப் போயிடுவாங்க. சரி, அதையும் பார்த்துடலாம். தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. (2017லேர்ந்து 2023 மார்ச் வரைக்கும் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சுட்டு இதை ஏத்தினாங்க. அப்புறம் மதிப்பைப் பழையபடி ஏத்திட்டு இதை 2 ஆக்கினாங்க. ஒரு கையில குடுத்து இன்னொரு கையில வாங்கறதுன்னா இதுதான்.) கர்நாடகாவுல முத்திரை 5 சதவீதம், அதுக்கு மேல செஸ், சர்சார்ஜ் சேர்த்தா 5.6 பக்கம் வரும். நாங்க மனை பார்த்தப்ப பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2025 ஆகஸ்ட் 31லேர்ந்து 2 ஆக்கிட்டாங்க. அதாவது 30 லட்சத்துக்கு அன்னிக்கு வித்தியாசம் 72,000 ரூபாய், இன்னிக்குன்னா 42,000. கேரளாவுல முத்திரை 8, பதிவு 2, ஆக 10. எங்க டீம் மலையாளி இதைப் பெருமையா சொல்லிக்குவான், எதுலயாவது முதலிடம் வேணும் போல.

இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லைங்க. ஒரு தடவை கட்டுற காசு. உண்மையான வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. "இந்த நிலம் உன்னோடதுதான்னு யார் சொல்றா, எந்தக் காகிதத்துல சொல்றா?" இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதில் வெச்சிருக்கு.

நமக்குப் புரியற பாஷையில சொல்றேன். நாடு முழுக்க ஒரே இன்டர்ஃபேஸ், ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு இம்ப்ளிமென்ட் பண்ணி வெச்சிருக்கு. அரசியல் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில நிலம்ங்கறது மாநிலப் பட்டியல், 18வது பதிவு. விவசாய நிலம் தவிர்த்த சொத்துப் பரிமாற்றமும் பத்திரப் பதிவும் பொதுப் பட்டியல். அதனால 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் ஒண்ணுதான், ஆனா அதுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா பேட்ச் போட்டிருக்கு. நிலத்தை யார் வாங்கலாம், எதை வீட்டு மனை ஆக்கலாம், எந்த ஆபீஸ் எந்தப் புத்தகத்துல எழுதணும்ங்கறது எல்லாம் அந்தந்த மாநிலம். டாக்குமென்டேஷன் மட்டும் கிடையாது. அது நம்ம ப்ராஜெக்ட்லயும் கிடையாதுங்கறது வேற விஷயம்.

இன்னொரு அடிப்படை விஷயம். இதை நான் இருபத்தெட்டு வயசுலதான் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்ல வெட்கமா இருக்கு. பத்திரம் பதிஞ்சா நிலம் நம்மோடதுன்னு அரசாங்கம் உத்தரவாதம் குடுத்ததா அர்த்தம் இல்லை. சார்பதிவாளர் பதியறது பத்திரத்தை. இன்னாருக்கு இன்னார் இவ்வளவு ரூபாய்க்கு வித்தேன்னு எழுதிக் குடுத்திருக்கார், அவ்வளவுதான். வித்தவருக்கு விக்கறதுக்கு உரிமை இருந்ததாங்கறது வாங்கறவன் தலைவலி. அதனாலதான் முப்பது வருஷத்து தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசு எல்லாம் தோண்டிப் பார்க்கறோம்.

நம்மூர்ல அந்தத் தோண்டல்ல பட்டா ஒரு பெரிய பிடிமானம். வருவாய்த் துறை கணக்குல சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பளவு, யார் பேர்ல இருக்குன்னு எல்லாம் ஒரு தாள்ல வந்துடும். கூட புலப்பட நகல் எடுத்தா அளவும் தெரிஞ்சுடும். (பட்டா மட்டுமே உரிமை ஆகிடாதுன்னு கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. ஆனாலும் அது இல்லாம நம்மூர்ல யாரும் பல் கூட விளக்க மாட்டாங்க.)

கர்நாடகாவுல காத்தான்னா என்ன? கணக்கு. அவ்வளவுதான் அர்த்தம். இந்தச் சொத்துக்கு வரி கட்ட வேண்டிய ஆள் யாருன்னு உள்ளாட்சி வெச்சிருக்கிற கணக்கு. பெங்களூர் மாநகர எல்லைக்குள்ள அதுல ரெண்டு ஜாதி. ஒழுங்கா அனுமதி வாங்கின இடத்துக்கு ஏ காத்தா. அனுமதி இல்லாத இடத்துக்கும் வரி மட்டும் வசூல் பண்ணணுமே, அதுக்குத் தனியா ஒரு ரிஜிஸ்டர், அதுதான் பி காத்தா. கிராமப் பஞ்சாயத்துன்னா ஃபார்ம் 9, ஃபார்ம் 11. அங்கேயும் ஒழுங்கான இடத்துக்கு ஒண்ணு, மத்ததுக்கு 11பின்னு ஒண்ணு. வரி ரசீது கையில இருக்கறதால நிலம் சரியானதுன்னு நினைச்சா நாம காலி. வடிவேலு கிணத்தைக் காணோம்னு போலீஸ் ஸ்டேஷன்ல நிப்பாரே, ஞாபகம் இருக்கா? அவர்கிட்ட எல்லா ரசீதும் பக்காவா இருக்கும், கிணறு மட்டும் இருக்காது. இங்க நிலம் கண்ணு முன்னாடி இருக்கும், ரசீதும் இருக்கும், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

எங்களுக்குக் காட்டினது 11பி. அதாவது விவசாய நிலத்தை, வீட்டு மனையா மாத்த கலெக்டர் உத்தரவு வாங்காமலே (இங்க டி.சி. கன்வர்ஷன்னு சொல்றாங்க) கல்லு நட்டு வித்துட்டு இருந்தாங்க. இதுக்கு ரெவின்யூ சைட்னு ஒரு கம்பீரமான பேரு. நான் ரெவின்யூன்னா அரசாங்கம் சம்பந்தப்பட்டது, அப்ப சேஃப்தான்னு நினைச்சேன். சிரிக்காதீங்க.

இதே வியாதி நம்மூர்லயும் உண்டு. அங்கீகாரம் இல்லாத மனை வாங்காத குடும்பம் ஓசூர்லேர்ந்து நாகர்கோவில் வரைக்கும் எத்தனை இருக்கும்? ஆனா ரெண்டு மாநிலமும் வைத்தியம் பார்த்த விதம் வேற. இங்க 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியவே கூடாதுன்னு தடை போட்டது. மாசக் கணக்குல பதிவு ஆபீஸ்கள் காத்தாடுச்சு. அப்புறம் 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுன்னா கட்டணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம். அந்தத் தேதிக்கு அப்புறம்னா முடியாது. வலிச்சது, ஆனா ஒரு கோடு கிழிச்சாங்க. கர்நாடகாவுல அக்ரம சக்ரமன்னு ஒரு திட்டம். பேரே அழகு, முறைகேட்டை முறையாக்கறது. அதை 2017 ஜனவரியில உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சது. பி காத்தாக்காரங்க லட்சக்கணக்குல நடுவுல தொங்கினாங்க. 2025 கடைசியிலதான் பெங்களூர் எல்லைக்குள்ள பி காத்தாவை ஏ காத்தாவா மாத்திக்க ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. இத்தனை வருஷமும் புரோக்கர்கள் பிழைச்சது ஒரே வார்த்தையிலதான்: "ஸ்கீம் வரும் சார்."

எங்க புரோக்கரும் அதையேதான் சொன்னார். அந்த மாசம்தான் இ-காத்தா இல்லாம பத்திரம் பதிய மாட்டோம்னு கர்நாடக அரசு இறுக்கிப் பிடிச்சிருந்தது. "அதனால என்ன சார், இப்ப அக்ரிமென்ட்டும் ஜி.பி.ஏ.வும் போட்டுக்கலாம். ஸ்கீம் வந்ததும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். இப்ப விட்டா அடுத்த மாசம் 3,000." நான் அப்பாவோட பணத்துலேர்ந்து ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்தேன். அப்பாவே கையெழுத்துப் போட்டார். கண்டக்டர் கையெழுத்து, நின்னுக்கிட்டே போடுவார்.

பவர் பத்திரத்தை வெச்சு நிலம் வித்தா அது வித்ததாவே ஆகாது, பதிவு பண்ணின விற்பனைப் பத்திரம்தான் உரிமையை மாத்தும்னு உச்ச நீதிமன்றம் 2011லயே சூரஜ் லேம்ப் வழக்குல அடிச்சு சொல்லியிருக்கு. இது நாடு முழுக்கப் பொருந்தும். எனக்குத் தெரியாது. கோட்ல ஒரு லைப்ரரி சேர்க்கணும்னா அதோட லைசென்ஸ் என்ன, கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு நாலு நாள் படிக்கிறவன், 30 லட்ச ரூபாய்க்கு ஒரு மணி நேரம் கூகிள்ல தேடலை.

எங்களைக் காப்பாத்தினது என் டீம்மேட்டோட அப்பா. கன்னடக்காரர், கிராம லெக்கிகரா இருந்து ரிட்டயர் ஆனவர், நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி. பழைய பெங்களூர்க்காரங்க நிறைய பேர் மாதிரி தமிழும் நல்லாப் பேசுவார். அவங்க வீட்ல ஆயுத பூஜை சாப்பாட்டுக்குப் போனப்ப பெருமைக்குத்தான் காட்டினேன், வாட்ஸ்அப்ல இருந்த பேப்பரை எல்லாம்.

கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு செல்லைக் கிட்ட வெச்சுப் பார்த்தார். பஹணியைப் பார்த்தார். (அதுதான் இங்க ஆர்.டி.சி., நம்ம சிட்டா அடங்கல் மாதிரி. 2000 வாக்குல பூமின்னு ஒரு சாஃப்ட்வேர்ல கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. ஆன்லைன்ல யாரும் பார்க்கலாம். ஆனா கன்னடத்துல இருக்கும். எனக்குக் கன்னடம் பேச வரும், பஸ் போர்டு படிக்கிற அளவுதான் எழுத்து தெரியும்.) அப்புறம் பழைய மியூட்டேஷன் ஒண்ணைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். அதுல ஒரு வார்த்தையில விரலை வெச்சார்.

"இது மஞ்சூர் ஆன நிலம்ப்பா. யாருக்கு மஞ்சூர் ஆச்சுன்னு கேட்டியா?"

மஞ்சூர்னா அரசாங்கம் ஒருத்தருக்கு ஒதுக்கிக் குடுத்தது. குடுத்தது ஒரு தலித் குடும்பத்துக்கு, நிலம் இல்லாதவங்கன்னு. கர்நாடகாவுல 1978ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க, சுருக்கமா பி.டி.சி.எல். சட்டம்னு சொல்றாங்க. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அரசு குடுத்த நிலத்தை, அரசாங்கத்தோட முன் அனுமதி இல்லாம யார் வாங்கினாலும் செல்லாது. நிலத்தைத் திரும்ப எடுத்து அந்தக் குடும்பத்துக்கே குடுக்கலாம். கைமாறி எத்தனை வருஷம் ஆனாலும் மனு போடலாம்னு 2023ல திருத்தமும் வந்திருக்கு. அதாவது நான் வாங்கி, வீடு கட்டி, பத்து வருஷம் கழிச்சு ஒரு நோட்டீஸ் வரலாம்.

"பேங்க் லோன் தராத நிலத்தை நீ ஏம்ப்பா வாங்கறே? அவங்க வக்கீலுக்கு சம்பளமே அதைப் பார்க்கத்தான்"னு கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார். எனக்கு ஒப்பிட்டு விழுங்கின ஹோளிகே தொண்டையில நின்னுடுச்சு.

அன்னிக்கு ராத்திரி தூங்கலை. முதல்ல வந்தது கோபம். என்னடா சட்டம் இது, ஊருக்கு ஊர் ஒண்ணு, ஒரே நாடு ஒரே பதிவுன்னு வெச்சா என்ன, ஒரு சாதாரண ஆள் எப்படித்தான் வாங்கறதுன்னு. இதே புலம்பலை ஆபீஸ்லயும் நிறைய கேட்டிருக்கேன். மகாராஷ்டிராவுல விவசாயி இல்லாதவன் விவசாய நிலம் வாங்க முடியாதாம், அநியாயம். ஹிமாச்சல்ல வெளியூர்க்காரன் அரசாங்க அனுமதி இல்லாம வாங்க முடியாதாம், 118வது பிரிவாம், அநியாயம். கேரளாவுல வயலை வாங்கி வீடு கட்ட விடமாட்டாங்களாம், 2008 சட்டமாம், அதுவும் அநியாயம். கர்நாடகாவுலயும் அப்படி ஒண்ணு இருந்தது, வருமானம் 25 லட்சத்துக்கு மேல இருக்கறவனும் விவசாயி இல்லாதவனும் விவசாய நிலம் வாங்கக் கூடாதுன்னு 79ஏ, 79பி. அதை 2020ல எடுத்துட்டாங்க. எங்க மேஜையில அன்னிக்கு ஸ்வீட் குடுத்தாங்க.

ஆனா அந்த மஞ்சூர் விஷயத்தை யோசிச்சுப் பார்த்தப்ப கோபம் வேற பக்கம் திரும்பிடுச்சு. அந்தக் குடும்பம் எவ்வளவுக்கு வித்திருக்கும்? சதுர அடி 2,500க்கா? கண்டிப்பா இல்லை. ஒரு கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கைநீட்டி வாங்கின காசுக்கு வெத்துத் தாள்ல கைநாட்டு வெச்சிருப்பாங்க. அது நாலு கை மாறி, ஆர்ச் கட்டி, மஞ்சக் கல்லு நட்டு, என்கிட்ட வந்து நிக்குது. "பெங்களூர்ல சைட் போட்டாச்சு"ன்னு நான் வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தா அந்தச் சங்கிலியில கடைசிக் கண்ணி நான்தான். இந்தச் சட்டம் என்னைக் கஷ்டப்படுத்த போட்டது இல்லை. என்னை மாதிரி ஆளுகிட்டேர்ந்து அவங்களைக் காப்பாத்த போட்டது.

நம்மூர்லயும் இதேதான். 1892ல வெள்ளைக்காரன் காலத்துல தலித் மக்களுக்குன்னு குடுத்த பஞ்சமி நிலம். முதல் பத்து வருஷம் விக்கவே கூடாது, அப்புறமும் அந்த மக்களுக்குள்ளதான் விக்கலாம்னு நிபந்தனை. அதுல எவ்வளவு யார் யார்கிட்ட இருக்குன்னு நமக்கே தெரியும், தேர்தல் வந்தா மட்டும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவாங்க. அப்பாகிட்ட மெதுவா விஷயத்தைச் சொன்னப்ப அவர் அட்வான்ஸ் பணத்தைப் பத்தி முதல்ல கேட்கலை. "நம்மூர் பஞ்சமி மாதிரியா? அப்ப வேணாம்ப்பா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அம்பது வெப்சைட் பார்த்துப் புரிஞ்சது அவருக்கு ஒரே வார்த்தையில புரிஞ்சுடுச்சு, சொல்லவேண்டிய வார்த்தை எதுன்னு தெரிஞ்சப்ப.

அதனால என் கட்சி இதுதான். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறட்டும், மாறணும். ஹிமாச்சல் மலைச்சரிவுக்கும் குட்டநாட்டு வயலுக்கும் ஆனேக்கல் ராகிக் காட்டுக்கும் ஒரே சட்டம் வேணும்னு கேக்கறது வாங்கறவன் வசதிக்கு. விக்கறவனுக்கும், விக்க வெக்கப்பட்டவனுக்கும் அதுல என்ன இருக்கு? முதலீடு பண்றவங்களுக்கு வழியில நிக்கிற ஒவ்வொரு விதிக்கும் பின்னாடி நிலத்தை இழந்த யாரோ ஒருத்தர் இருக்கார். சில விதி காலாவதி ஆகியிருக்கலாம், லஞ்சத்துக்கு வழியா மாறியிருக்கலாம். அதைத் தனியா சண்டை போடுவோம்.

ஆனா ஒண்ணு மட்டும் பொதுவா இருக்கணும். ஒரு சர்வே நம்பரைப் போட்டா, இந்த நிலம் மானியமா, மஞ்சூரா, பஞ்சமியா, கோயில் நிலமா, நீர்நிலையா, மனையாக மாற்ற அனுமதி இருக்கா, வழக்கு இருக்கான்னு ஒரே பக்கத்துல, நமக்குப் படிக்கத் தெரிஞ்ச மொழியில வரணும். இப்ப வில்லங்கம் ஒரு சைட்ல, பட்டா ஒரு சைட்ல, கோர்ட் கேஸ் ஒரு சைட்ல. கர்நாடகாவுல பத்திரம் காவேரி, நிலம் பூமி, பஞ்சாயத்துச் சொத்து இ-ஸ்வத்து. பேரு எல்லாம் அழகாத்தான் இருக்கு. மூணும் ஒண்ணோட ஒண்ணு முழுசாப் பேசிக்கிட்டா எங்க அப்பா மாதிரி ஆளுங்க தப்பிப்பாங்க. இதைச் செய்யறது ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்லைன்னு பொட்டி தட்டுற நமக்கே தெரியும்.

அது வர்ற வரைக்கும் வக்கீல். இதுலயும் நம்ம புத்தியைப் பாருங்க. புரோக்கருக்கு ரெண்டு சதவீதம், 30 லட்சத்துக்கு 60,000, வாயை மூடிட்டுக் குடுக்கத் தயாரா இருந்தேன். அந்தத் தாலுக்காவுல பழக்கமான ஒரு வக்கீல் எல்லாக் காகிதத்தையும் பார்த்துச் சொல்ல 12,000 கேட்டப்ப, கொஞ்சம் குறைச்சுக்குங்க சார்னேன். அவர் ரெண்டே நாள்ல லெக்கிகர் அங்கிள் சொன்னதையே நாலு பக்கத்துல எழுதிக் குடுத்தார். வக்கீலும் நம்ம ஊர் வக்கீலா இருக்கக் கூடாதுங்கறது முக்கியம். கிருஷ்ணகிரி வக்கீலுக்கு பஹணியைக் காட்டினா அவரும் பட்டா எங்கன்னுதான் கேட்பார்.

தமிழ்நாடு ஒழுங்கு, கர்நாடகா மோசம்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க, பின்னூட்டத்துல காவேரித் தண்ணி வரைக்கும் போயிடும். எங்க நிலத்தோட கதையையே கேளுங்க. அட்வான்ஸ் பிரச்சனை ஓடிட்டு இருந்தப்ப, சரி, பெங்களூர் வேணாம், நம்ம ஊர்ல இருக்கற ஒண்ணே கால் ஏக்கரையாவது ஒழுங்குபடுத்துவோம்னு பட்டாவை ஆன்லைன்ல எடுத்தேன். இன்னும் தாத்தா பேர். தாத்தா செத்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. அவர் பேரோட இன்னும் ரெண்டு பேர் சேர்த்து கூட்டுப் பட்டா. அதுல ஒருத்தர் யாருன்னே அப்பாவுக்குத் தெரியலை. 1980கள்ல யு.டி.ஆர்.னு நிலக் கணக்கைப் புதுப்பிச்சாங்களே, அப்ப யாரோ பக்கத்து நம்பர் பேரை இதுல எழுதிட்டாங்கன்னு தாலுக்கா ஆபீஸ்ல சொல்றாங்க. அப்பா நாப்பது வருஷமா தீர்வை கட்டிட்டு இருக்கார், அந்த நிலத்துல மாங்கா பறிச்சுத்தான் என் காலேஜ் ஹாஸ்டல் ஃபீஸ் போச்சு. காகிதப்படி பார்த்தா யாரோ ஒருத்தருக்கும் அதுல பங்கு. இந்த லட்சணத்துல நான் பக்கத்து மாநிலத்துல முதலீடு பண்ணக் கிளம்பினேன்.

அட்வான்ஸ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்த ரெண்டு லட்சத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சேன். முதல்ல போன் எடுத்தார், அப்புறம் எடுக்கலை. லெக்கிகர் அங்கிள் ஒரு ஞாயித்துக்கிழமை கூட வந்து, சத்தமே போடாம அந்த மியூட்டேஷன் நம்பரை மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் தவணை தவணையா ஒண்ணரை லட்சம் வந்தது, கடைசித் தவணை போன மாசம். அம்பதாயிரம் "செலவாயிடுச்சு சார்"னு போயிடுச்சு. அப்பா அதை டிரிப் ஷீட்ல குறையற காசு மாதிரி எடுத்துக்கிட்டார். என்னால அப்படி எடுத்துக்க முடியலை. அவர் முப்பத்திரண்டு வருஷம் நின்னுக்கிட்டே சம்பாதிச்ச காசு. மீதிப் பணம் இப்ப போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல இருக்கு. மதிய மேஜையில இதைச் சொன்னா சிரிக்கிறாங்க.

அந்த லேஅவுட்டைப் போன வாரம் ஓசூர் பஸ்ஸுல வரும்போது இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆர்ச்சுக்கு புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. நாலு வீடு எழும்பியிருக்கு. ஒரு வீட்டு வாசல்ல கோலம். தமிழ்க் குடும்பமாத்தான் இருக்கணும். கதவைத் தட்டிச் சொல்லலாமான்னு கொஞ்ச நேரம் நின்னேன். என்னன்னு சொல்றது? சொல்லாமலே வந்துட்டேன். அது சரியான்னு இன்னும் தெரியலை. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஹைதராபாத், மும்பை, கொச்சி மக்கள் உங்க ஊர்ல எந்தக் காகிதத்தைப் பார்க்கணும்னும் கொஞ்சம் எழுதுங்க.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரி தாலுக்கா ஆபீஸ். தாத்தாவோட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், 1985க்கு முந்தின பழைய பட்டா நகல் எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. லீவ் போடணும். மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு இன்னும் யோசிக்கலை.